இடது கை ரூபாய்

போன வாரம் மந்தைவெளியில் எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். விரல்கள் மரத்துப்போகின்றன என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்; என் மகள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். மேஜைமேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, "இத எடுத்து என் கைல போடுங்கம்மா" என்றாள். எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். என் விரலில் காசு இல்லை.

"கீழ விழுந்திடுச்சா?" என்று அந்தப் பெண் மேஜைக்கடியில் குனிந்து தேடினாள். நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். என் மகளும் சேர்ந்து தேடினாள். காசு என் உள்ளங்கையில், கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர் மேட்டுக்கும் நடுவில், அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது. மரத்த கையாம்! கையைத் திருப்பிக் காட்டினேன். அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். "அம்மா, உங்களுக்கு மேஜிக் தெரியுமா?"

"ஒரு காலத்துல தெரிஞ்சுது" என்றேன். கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் சொன்னேன், மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். வியர்வையில் ஊறிய காசுக்கு ஒரு வாசனை உண்டு, தெரியுமா? துருவும் உப்பும் கலந்தது. எனக்கு அந்த வாசனையோடு மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்தே வரும். என் வீட்டுக்காரர் கையில் இரண்டும் இருந்தன. மயிலாப்பூரில் ஒரு அச்சாபீசில் மிதிமெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். காலால் மிதிக்க வேண்டும், வலது கையால் காகிதம் வைக்க வேண்டும், இடது கையால் அச்சானதை எடுக்க வேண்டும். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டு மையைக் கழுவிக்கொண்டு, சாந்தோமில் கடலைப் பார்த்த எங்கள் ஒற்றை அறைக்கு வருவார். வந்ததும் காசை எடுப்பார்.

அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. மற்றவர்கள் சூசை என்பார்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாதா கோயில் திருவிழாவில் தேர் திரும்பி வந்த பிறகு சூசையின் காசு வித்தை இல்லாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பெரிய சாமியார்கூட நாற்காலி போட்டு உட்காருவார். அவருடைய அங்கியின் கையிலிருந்தே ஒரு முறை காசு எடுத்தார் இவர். "பூசைக் காணிக்கையப் பத்திரமா வெச்சிருக்கீங்க சாமி" என்றார். சாமியாருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது அது. நானும் கூட்டத்தில் இருந்தேன். சாமியாரையே சிரிக்க வைத்தாரே, அதற்குத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

யுத்தம் வந்தது. குண்டு விழும் என்று பாதிப் பட்டணம் காலியானபோது எங்களுக்குப் போக இடமில்லை, இருந்தோம். சில்லறை காணாமல் போயிற்று. ஓட்டைக் காலணா வந்தது. "நடுவுல ஓட்டை போட்டா எப்டி மறைக்கிறது? உள்ளங்கை தெரியுது பாரு" என்று அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்துச் சிரிப்பார். வித்தைக்கு ஏற்றது பழைய வெள்ளி ரூபாய்தான். ஓரம் பல் பல்லாக இருக்கும், சதையைக் கவ்விக்கொள்ளும். எங்களிடம் கல்யாணத்துக்கு வந்த ரூபாயில் இரண்டை மட்டும் எந்தக் கஷ்டத்திலும் மாற்றாமல் வைத்திருந்தோம்.

அப்புறம் ஒரு நாள் மிதிமெஷின் அவர் வலது கையைப் பிடித்துவிட்டது. காகிதம் கோணலாகப் போயிற்று என்று திருத்தப் போனாராம். ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நடு விரலும் மோதிர விரலும் மடங்கவே இல்லை. அச்சாபீசில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். என் அம்மா பழவேற்காட்டிலிருந்து வந்து, அவர் காதில் விழுகிற மாதிரியே, "இந்தக் கைய வெச்சிக்கினு இவன் ஒனக்கு எப்டிடி கஞ்சி ஊத்துவான்? பொறப்படு" என்றாள். நான் போகவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்றேன். மழை முடிந்ததும், தை வரட்டும் என்றேன்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, காதர் பாய். மயிலாப்பூர் குளக்கரையில் துண்டை விரித்துச் செப்படி வித்தை காட்டுகிறவர். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். மூன்று செப்பு, நாலு பந்து, ஒரு கிழட்டுக் கீரி, அவ்வளவுதான் சொத்து. அந்தக் கீரி பாம்போடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை, பாம்பே கிடையாது. "இதோ வருது பாம்பு, இதோ வருது" என்றே சாயங்காலம் வரைக்கும் கூட்டத்தை நிறுத்துவார். அவர்தான் வந்து, மூலையில் சுருண்டு கிடந்த இவரை எழுப்பினார்.

"இன்னா சூசை, கைய இன்னாத்துக்கு முட்டுக்கு நடுவுல ஒளிச்சி வெச்சிக்கினு கீற? அதுல இன்னா காசா கீது?"

"போ பாய். வெளங்காத கை."

"வெளங்காத கைதான் நைனா ஒனக்கு வேணும். எல்லாரும் எந்தக் கைய பாப்பான்? சோத்துக் கைய. நீ அத மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினே இரு. எடக்கைய எவன் பாக்கறான்? குடுக்கல், வாங்கல், கும்புடு எதுலயும் சேத்தி இல்லாத கை. அது பாட்டுக்கு வேலய பாக்கட்டும்."

இதை நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பாய் சொன்னது உண்மை. நம் ஜனங்களுக்கு இடது கை கண்ணில் படாத கை. அதில் யானையை வைத்திருந்தாலும் தெரியாது.

அன்றிலிருந்து அவர் எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக் கற்க ஆரம்பித்தார். பழைய ஆள், புதுக் கை. பார்த்துப் பார்த்து நானும் கற்றேன். உங்களுக்கும் சொல்கிறேன், இனி யாருக்கு உதவப் போகிறதோ.

முதலில், காசை மறைக்கக் கற்கக்கூடாது. கையைச் சும்மா வைத்திருக்கக் கற்க வேண்டும். நம் கை சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று நமக்கே தெரியாது. விரல்கள் கொஞ்சம் மடங்கி, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி இருக்கும். காசு உள்ளே இருக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும். காசை வைத்துக்கொண்டு அவர் தண்ணீர் மொண்டார், தலை சீவினார், என்னோடு சண்டை போட்டார். பிறகு காசைப் பிடிப்பது. உள்ளங்கைச் சதையில் கவ்வுவது ஒன்று, விரல்களின் அடியில் மடித்து வைப்பது ஒன்று. கை வியர்த்தால் வழுக்கும். நம் ஊரில் வியர்க்காத நாள் ஏது? அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை தேய்த்துக்கொள்வார்.

அடுத்தது, கொடுத்த மாதிரி கொடுக்காமல் இருப்பது. இடது கையிலிருக்கிற காசை வலது கையில் போடுகிற மாதிரி போட வேண்டும். வலது மூடிக்கொள்ளும், இடது காசோடு கீழே இறங்கிவிடும். இதில் கையைவிடக் கண்தான் முக்கியம். வித்தைக்காரன் எந்தக் கையைப் பார்க்கிறானோ அதைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். அவன் மனதுக்குள்ளும் காசு வலது கையில் இருக்க வேண்டும். இருக்கிறது என்று அவனே நம்ப வேண்டும். மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்க, அந்த அரைகுறை மூடலை அவர் பார்க்கிற பார்வையில் எனக்கே அங்கே காசு இருப்பதாகத் தோன்றும். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். என் வேலை, தெரிந்தால் "தெரிஞ்சுது" என்று சொல்வது. முதலில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்கழி வந்தபோது என் வாய் ஓய்ந்துவிட்டது. சோறு வடிக்கிறபோது பக்கத்தில் வந்து காட்டுவார்; எனக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சத்தம் என் பங்கு. அதில் எனக்குக் கர்வம் உண்டு. பித்தளைச் செம்பை நான் பிடித்துக்கொள்வேன். வாய் விளிம்புக்கு உட்புறம் என் விரலால் ஒரு ரூபாயை அழுத்திப் பிடித்திருப்பேன். அவர் காற்றில் ஒரு காசைப் பிடித்து இதில் எறிகிற மாதிரி எறிவார். அவருடைய காசு அவர் கையிலேயே நிற்கும், நான் விரலைத் தளர்த்துவேன். 'ணங்'. துளி முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. நான் பிந்தியதே இல்லை.

இடது கை பழகுவதற்காக எல்லாவற்றையும் இடது கையால் செய்யச் சொல்லியிருந்தார் பாய். பொத்தான் போடுவது, பீடி பற்ற வைப்பது, கடையில் சாமான் வாங்குவது. சோறு மட்டும் இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார் இவர், வலது கைக்குக் கரண்டி கேட்டார். வீட்டில் என்னிடம் எது நீட்டினாலும் இடது கைதான், எனக்கும் பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் தீர்த்தத்தைத் தொட்டு இடது கையால் சிலுவை போட்டுவிட்டார். பக்கத்து வரிசையில் ஒரு கிழவி, "ஐயோ மாதாவே" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தை பிறந்தது. கல்யாணப் பந்தல் போடுகிற நாயக்கர் ஒருவர் திருவிழாவில் இவரைப் பார்த்திருந்தார். பெரிய வீடுகளுக்கெல்லாம் பந்தல், மேளம், சமையல்காரர் என்று சேர்த்துவிடுகிறவர். வந்து சொன்னார்: "மாம்பலத்துல ஒரு காண்டிராக்டர் வீடு. மிலிட்டரிக்குச் சாமான் போட்டு எழுந்த வீடு. பேரனுக்கு ஆண்டு நிறைவு. காலைல விசேஷம் முடிஞ்சதும் உன் வித்தை. பெரிய மனுஷாள் எல்லாம் வருவாங்க. அவங்க கண்ணுல பட்டுட்டா பங்குனி, சித்திரை, வைகாசி மொத்தமும் கல்யாணம் உனக்குத்தான். கெடுத்துடாதே சூசை, என் பேரும் போயிடும்."

அந்த ஒரு வீடுதான். அது கூடி வந்தால் இதே அறையில் இருப்போம். இல்லாவிட்டால் நான் பழவேற்காட்டுக்கு, அவர் எங்கேயோ. அவர் வேட்டிக்கு நான் இரண்டு தரம் கஞ்சி போட்டேன்.

பாண்டி பஜாரைத் தாண்டி உள்ளே ஒரு தெரு, அப்போதெல்லாம் ஒரே மரமும் தோட்டமும். பந்தல் முழுக்கப் பெண்கள், பட்டு, மல்லிகை. வித்தைக்காரன் பெண்சாதியோடு வந்திருக்கிறான் என்றதும் பெண்கள் கூச்சமில்லாமல் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான் செம்போடு நின்றேன். அவர் ஆரம்பித்தார்.

அன்றைக்கு மாதிரி அவர் என்றுமே செய்ததில்லை. காற்றில் காசு பிடித்தார், நான் செம்பை ஒலிக்க வைத்தேன். ஒரு வக்கீலின் தலைப்பாகையிலிருந்து எடுத்தார். "வக்கீல் தலைல ஒண்ணுமில்லன்னு யார் சொன்னது?" என்றார். பந்தல் அதிர்ந்தது. தூணருகில் நின்ற நாயக்கர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியாக, யாராவது ஒரு ரூபாய் கொடுங்கள் என்றார். குழந்தையின் தாய், பதினெட்டு வயசிருக்கும், சாமி முன்னால் குழந்தைக்கென்று வைத்திருந்த தட்டிலிருந்தே மஞ்சள் குங்குமம் ஒட்டிய வெள்ளி ரூபாயை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, வலது கையில் வைத்த மாதிரி வைத்து மூடி, அந்தக் கையைப் பார்த்தார். பந்தலே பார்த்தது. ஊதினார். திறந்தார். இல்லை. குழந்தை கையில் பிடித்திருந்த கிலுகிலுப்பைக்கு அடியிலிருந்து ரூபாயை எடுத்தார். குழந்தையே கெக்கலி கொட்டிச் சிரித்தது. ஒரே கைதட்டல். தாய் சிரித்துக்கொண்டே ரூபாயைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

அவர் முகம் பளபளவென்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தில், வீட்டில் என்னிடம் நீட்டுகிற மாதிரி, இடது கையால் கொடுத்தார்.

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். ரூபாய் கீழே விழுந்து உருண்டது. மாமியார்க்காரி எழுந்துவிட்டாள்.

"எடக்கையாலயா குடுப்பாங்க? சாமிக்கு முன்னாடி வெச்ச கொழந்த காசு! நல்ல நாளும் அதுவுமா!"

"அம்மா, மன்னிச்சுக்கணும்" என்றார் இவர். "வேணும்னு செய்யலம்மா. இந்தக் கை வெளங்காதும்மா. மெஷின்ல மாட்டிக்கிச்சு. பாருங்க." வலது கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். விரல்களை மடக்கப் பார்த்து, மடங்காததைக் காட்டினார்.

அதைக் காட்டியிருக்கக்கூடாது. காட்டாமல் வேறென்ன செய்வார், சொல்லுங்கள். வக்கீல்தான் முதலில் எழுந்தார்.

"அட, இதானா சங்கதி! அந்தக் கை மடங்காதுன்னா காசு அதுல எங்க இருந்துச்சு? இம்மா நேரமும் எடக்கையிலதான்யா வெச்சிருந்திருக்கான்!"

"அப்ப செம்புல விழுந்தது?"

"அந்தப் பொம்பள போட்டிருப்பா. செம்ப இங்க குடும்மா பாப்போம்."

நான் கொடுக்கவில்லை. யாரோ வந்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பார்த்துச் சிரித்தார்கள். காண்டிராக்டர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் மோசம். "போகட்டும், பின்னால சாப்பாடு போட்டு அனுப்பு நாயக்கரே" என்றார். நாயக்கர் எங்கள் பக்கமே வரவில்லை. வேலைக்காரி அந்த ரூபாயைக் குழாயடிக்கு எடுத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

சாப்பிடாமல் கிளம்பினோம். உச்சி வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. ஆழ்வார்பேட்டை வரைக்கும் அவர் எனக்கு முன்னால் நடந்தார். அப்புறம், "நீ கரெக்டா போட்டே" என்றார். சத்தத்தைச் சொன்னார்.

காதர் பாய் வந்து எவ்வளவோ சொன்னார். "பங்களாக்காரன் கெடக்கறான் நைனா. என் தோள் பக்கத்துல துண்ட விரி. ரோட்ல போறவனுக்கு எடக்கை இன்னா, வலக்கை இன்னா? நம்ம கீரியும் ஒனக்குப் பாதி." கடைசிக் கீரிப் பேச்சுக்கு இவர் சிரிக்கவில்லை. ஆனாலும் போனார். நானும் போனேன்.

குளக்கரையில் நல்ல கூட்டம். அவர் காசைக் காட்டினார். வலது கையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவர் கண் இடது கைக்குப் போனது. ஒரு நிமிஷம்தான். திரும்ப வலதுக்கு வந்தது, மறுபடி இடதுக்குப் போனது. அதைச் சும்மா வைக்கப் பார்த்தார். சும்மா வைக்கப் பார்க்கிற கை சும்மா இருக்குமா? விரல்கள் விறைத்து, கட்டைவிரல் துருத்தி, குற்றவாளி மாதிரி நின்றது அந்தக் கை. காசு நழுவிப் படிக்கல்லில் விழுந்து, படிப்படியாக ஒலித்துக்கொண்டே இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. கூட்டம் அதைத்தான் வித்தை என்று நினைத்துக் கை தட்டியது. "திருப்பிக் கொண்டா பாப்போம்!" என்று ஒருவன் கத்தினான்.

"தெரிஞ்சுதா?" என்று என்னிடம் கேட்டார், வீட்டுக்கு வரும்போது.

நான் பொய் சொன்னதில்லை. "தெரிஞ்சுது" என்றேன்.

பங்குனியில் என் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறையை விட்டோம். பிறகு கிண்டிக்கு அந்தப் பக்கம், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வாசல் காவல் வேலை கிடைத்து, என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார். வாழ்ந்தோம். குறை சொல்லமாட்டேன். ஆனால் கட்டிக்கொண்ட ஆளோடு இல்லை. அந்த ஆள் மாம்பலத்துப் பந்தலிலேயே நின்றுவிட்டார். தெருவில் நடக்கும்போது இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், யாரோ ஒருவர் அவள் காதிலிருந்து மிட்டாய் எடுத்ததைக் கண்டு ஓடி வந்து, "அப்பா, உனக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள். "தெரியாது" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன், நானும் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. டாக்டரிடத்தில் நான் "தெரிஞ்சுது" என்றபோது என்னை அப்படி முறைத்தாள்.

காதர் பாய் சுதந்திரம் வந்த வருஷத்துக்குப் பிறகு குளக்கரையில் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள், விசாரிக்க ஆளில்லை. மாம்பலத்தில் அந்த வீட்டை ஒரு முறை தேடினேன். தெருவே பிடிபடவில்லை, எல்லாம் துணிக்கடை, நகைக்கடை. வெள்ளி ரூபாய் புழக்கத்தை விட்டே போய்விட்டது. எங்களிடம் மிஞ்சிய ஒன்றை மகளின் கொலுசுக்குப் போட்டு உருக்கினோம்.

அவர் போனபோது கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளைதான் வந்து விரல்களைக் கோத்து வைக்கப் பார்த்தார். வலது விரல்கள் மடங்காததால் கோக்க வரவில்லை. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வலதை மேலே வைத்து ஜெபமாலையைச் சுற்றினார். "எடக்கைய மேல வையுங்க" என்றேன்.

"அப்படி வழக்கமில்லியேம்மா" என்றார்.

வழக்கமில்லைதான். விட்டுவிட்டேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாது. சில வருஷம் கழித்துக் குழியைத் திறந்து வேறு ஆளை வைத்துவிடுவார்கள். போன கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு போனேன். அந்த இடத்தில் யாரோ ஒரு டீச்சரின் பெயர், புதுக் கல்லில். அவர்கள் வீட்டார் சுற்றி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்துவிட்டேன்.